லோகோ46 கேட்ட கேள்வி

ரலிட்சா: வண்டியை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆச்சு. இறங்குறியா, இல்லையா?

யாவோர்: ரெண்டு நிமிஷம் குடு.

ரலிட்சா: இதே ரெண்டு நிமிஷத்தைத்தான் பெட்ரோல் பங்க்லயும் கேட்டே. அங்க அரை மணி நேரம் போனைப் பார்த்துக்கிட்டு நின்னே. மேல எங்கப்பா பீன்ஸ் சூப்பை மூணாவது தடவையா சூடு பண்ணிக்கிட்டிருப்பார்.

யாவோர்: உங்கப்பா ரயில் ஓட்டினவர்தானே?

ரலிட்சா: முப்பத்தொரு வருஷம். இது இன்னிக்குத்தான் தெரியுமா உனக்கு?

யாவோர்: எந்த என்ஜின்?

ரலிட்சா: ஏன், பரீட்சையா வைக்கப் போறார்? இந்தக் கோர்னா ஊர்ல பாதிப் பேர் ரயில்காரங்கதான். பொண்ணு வீட்டுக்கு முதல் தடவை சாப்பிட வர்றவன்கிட்ட யாரும் என்ஜின் நம்பர் கேக்க மாட்டாங்க. இறங்கு.

யாவோர்: ரலி... நான் மேல வரல.

ரலிட்சா: என்னது?

யாவோர்: நீ மட்டும் போ. எனக்குக் காய்ச்சல்னு சொல்லு.

ரலிட்சா: சோபியாவுலேந்து மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து வாசல்ல காய்ச்சலா? நல்லா இருக்கே. அந்தப் பொட்டியை ஏன் அப்படிக் கசக்கறே? உள்ள ரிப்பன் இருக்கு.

யாவோர்: அந்த ரிப்பனை அவர் கையில எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல.

ரலிட்சா: ஒரு மாசம் அலைஞ்சு ஜெர்மனிலேந்து வரவழைச்சே. 'உங்கப்பா டைப்ரைட்டருக்கு ரிப்பன் கிடைச்சிருச்சு'ன்னு ஆபீஸ் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. இப்ப என்ன வந்துச்சு?

யாவோர்: வழியில நீ ஒண்ணு சொன்னியே. அவர் எதுக்கு டைப்ரைட்டர் வாங்கினார்னு.

ரலிட்சா: ம்.

யாவோர்: திருப்பிச் சொல்லு.

ரலிட்சா: ஏதோ லினக்ஸ் கம்ப்யூட்டர் மெயில் குழுவுல எவனோ வாங்கச் சொன்னானாம். அதான் வாங்கினாராம்.

யாவோர்: அந்த எவனோ நான்தான். சிரிக்காதே.

ரலிட்சா: நான் சிரிக்கல யாவோர்.

யாவோர்: நம்ம குழுதான் அது. எந்தப் பதில்னும் உனக்குத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் மெயில் போட்டிருந்தார். பல்கேரிய மொழியை நம்ம சிரிலிக் எழுத்துல இல்லாம, லத்தீன் எழுத்துல எழுதி. நம்ம குழு விதி தெரியும்ல உனக்கு?

ரலிட்சா: நம்ம மொழியை நம்ம எழுத்துல எழுதணும். தலைப்புல 'உதவி, அவசரம்'னு கத்தக் கூடாது. என்ன பிழைச் செய்தி வந்துச்சுன்னு அப்படியே போடணும். சொந்தப் பேர் போடணும்.

யாவோர்: அந்த மனுஷன் நாலையும் மீறியிருந்தார். பேரே இல்ல. தலைப்புல மூணு ஆச்சரியக்குறி. திரையை போட்டோ எடுத்து ஒட்டியிருந்தார், அதுல பாதி அவரோட கட்டைவிரல். எனக்கு அன்னிக்கு ஆபீஸ்ல சர்வர் படுத்து, மேலதிகாரிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருந்தேன்...

ரலிட்சா: சர்வர் மேல பழி போடாதே.

யாவோர்: போடல. முதல் வரியைப் பார்த்தேன். லத்தீன் எழுத்து. அவ்வளவுதான், எழுத ஆரம்பிச்சிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு.

ரலிட்சா: 'தாய்மொழியை அதன் எழுத்தில் எழுத முடியாதவருக்குக் கணினி எதற்கு? ஒரு டைப்ரைட்டர் வாங்குங்கள். அதில் நம் எழுத்து கட்டாயம் இருக்கும். பிழைச் செய்தியும் வராது.'

யாவோர்: மனப்பாடமாவே வெச்சிருக்கியா.

ரலிட்சா: குழுவே வெச்சிருக்கு. பத்து இருபது பேர் மெயில்ல கையெழுத்துக்குக் கீழ அதைத்தானே போட்டுக்கிட்டுத் திரிஞ்சாங்க.

யாவோர்: குழு சந்திப்புல எனக்குக் காபி கப்பு குடுத்தாங்களே, டைப்ரைட்டர் படம் போட்டு. அதுலதான் ரலி தினமும் காபி குடிக்கிறேன்.

ரலிட்சா: தெரியும். நான்தானே கழுவறேன்.

யாவோர்: பங்க்ல நின்னப்ப பழைய மெயில் சேமிப்புல அதைத் தேடி எடுத்தேன். முதல் தடவையா அவர் கேள்வியை முழுசாப் படிச்சேன். ரெண்டு வருஷமா ஊரையே சிரிக்க வெச்ச பதிலுக்குக் கேள்வி என்னன்னு நான் இன்னிக்குத்தான் படிக்கிறேன்.

ரலிட்சா: என்ன இருந்துச்சு?

யாவோர்: 'ஐயா, புதுப்பித்தலுக்கு அப்புறம் என் கீபோர்டுல நம்ம எழுத்து காணாமப் போச்சு. லத்தீன் மட்டும்தான் வருது. எழுத்தை எப்படித் திரும்ப வரவைக்கிறது?' இதான் கேள்வி. எழுத்து வரலேன்னு கேட்ட ஆளை, ஏன் எழுத்துல எழுதலேன்னு ஊர் முன்னாடி...

ரலிட்சா: ம்.

யாவோர்: ஒன்பது வருஷமா அந்தக் குழுவுல இருக்கேன். நாலாயிரம் பதில் போட்டிருக்கேன். கேள்வியைப் படிக்காம பதில் சொல்லாதேன்னு புதுசா வர்றவங்களுக்குப் பாடம் எடுத்ததே நான்தான்.

ரலிட்சா: அதை அழிச்சிடச் சொல்ல வேண்டியதுதானே?

யாவோர்: சொன்னேன். பங்க்லேந்தே நிர்வாகிக்கு எழுதினேன். அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு. 'சேமிப்பிலிருந்து எவர் மடலும், எக்காரணம் கொண்டும் நீக்கப்படாது.' அதுக்குக் கீழயே, இந்த விதியை முன்மொழிஞ்சவர் யார்னும் போட்டிருந்தான்.

ரலிட்சா: யாரு?

யாவோர்: கேக்கணுமா? நான்தான். ஓட்டெடுப்புல முதல் கையே என்னுது.

ரலிட்சா: அட கடவுளே... இரு, கண்ணாடியை இறக்கறேன். உள்ள புழுங்குது.

யாவோர்: அந்த மனுஷன் பேரையாவது போட்டிருந்தா எனக்கு அன்னிக்கே உறைச்சிருக்கும். உன் குடும்பப் பேரும் அவர் குடும்பப் பேரும் ஒண்ணுதானே. ஏதோ லோகோன்னு ஒரு முகவரி...

ரலிட்சா: நாப்பத்தாறு.

யாவோர்: என்ன?

ரலிட்சா: லோகோ நாப்பத்தாறு.

யாவோர்: நான் நம்பர் சொல்லவே இல்லையே, ரலி.

ரலிட்சா: அவர் ஓட்டின என்ஜின் வகை அது. எனக்கு எழுதற முகவரி வேற. குழுவுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிருந்திருக்கார். எனக்கும் அப்ப தெரியாது யாவோர், சத்தியமா. புது வருஷத்துக்கு வந்தேன்ல, அப்பதான் தெரியும்.

யாவோர்: புது வருஷத்துக்கா? இப்ப மே மாசம்.

ரலிட்சா: டைப்ரைட்டருக்கு அடியில தூசி தட்டினேன். நாலா மடிச்சு ஒரு தாள். உன் பதிலை பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தார். உன் பேரோட.

யாவோர்: அஞ்சு மாசமா தெரிஞ்சுக்கிட்டே... அந்தக் கப்பைக் கழுவிக் கழுவிக் குடுத்தியா?

ரலிட்சா: ரெண்டு தடவை கீழ போட்டுப் பார்த்தேன். உடையல.

யாவோர்: அப்ப இன்னிக்கு வழியில நீயா வாய் தவறிச் சொல்லல.

ரலிட்சா: தவறல. சொல்லணும்னுதான் சொன்னேன். நீயே கண்டுபிடிப்பியா, கண்டுபிடிச்சா என்ன பண்ணுவியோன்னு பார்க்கணும்னு... பங்க்ல நீ வெளிறிப்போய் நின்னப்ப ஒரு பக்கம் பாவமாவும் இருந்துச்சு, ஒரு பக்கம் நிம்மதியாவும் இருந்துச்சு.

யாவோர்: என்ன நிம்மதி?

ரலிட்சா: இனிமே நான் மட்டும் தனியா வெக்கப்பட வேண்டாமேன்னு.

யாவோர்: நீ ஏன் வெக்கப்படணும்? எழுதினது நான்.

ரலிட்சா: நீ எனக்குக் கிடைச்சது எப்படி, மறந்துட்டியா?

யாவோர்: ...ஐயோ.

ரலிட்சா: ஆமா.

யாவோர்: உன் மெயில்.

ரலிட்சா: உனக்கு மட்டும்னு நினைச்சுத்தான் எழுதினேன். பதில் பொத்தானை அமுக்கினா நம்ம குழுவுல எல்லாருக்கும் போகும்னு, மூணு வருஷம் உறுப்பினரா இருந்தும் எனக்கு அன்னிக்குத் தோணல. 'சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்திடுச்சு, இப்படி எழுதறவர் நேர்ல எப்படி இருப்பார்'னு... எல்லாருக்கும் போச்சு. 'எல்லாருக்கும்'ல அவரும் இருந்திருக்கார் யாவோர். கேள்வி கேட்டவரே அவர்தானே.

யாவோர்: அவர் பார்த்தாரா?

ரலிட்சா: அதான் தெரியல. அந்தத் தாள்ல உன் பதிலோட பக்கம் முடியுது. கீழ '1/2'ன்னு போட்டிருக்கு. ரெண்டாம் பக்கம் அங்க இல்ல. வீடு பூரா தேடிட்டேன். பிரிண்ட் எடுக்கும்போது தாள் தீர்ந்து போயிருக்கும்னு... அப்படித்தான் நினைச்சுக்கறேன்.

யாவோர்: கேட்டுப் பார்க்கறதுதானே?

ரலிட்சா: என்னன்னு கேக்க? 'அப்பா, உங்களைப் பார்த்து நான் சிரிச்சதைப் பார்த்தீங்களா'ன்னா? மனுஷன் வாரம் தவறாம எனக்குக் கடிதம் போடறார். ஒவ்வொரு எழுத்தையும் தாள் ஓட்டையாகற மாதிரித் தட்டி. நூறு கடிதம் இருக்கும். நான் அதை என் சிநேகிதிங்ககிட்ட எல்லாம் காட்டி, 'எங்கப்பா எவ்வளவு ரசனைக்காரர் பாரு'ன்னு... ரசனையாம். அவருக்கு வேற வழியில்லாமப் பண்ணிட்டோம் நாம.

யாவோர்: சரி, மேல போலாம். நான் சொல்லிடறேன்.

ரலிட்சா: எதை?

யாவோர்: என்னுதை மட்டும். உன்னுதை நான் எடுக்க மாட்டேன்.

ரலிட்சா: இரு, இரு... யாரோ வர்றாங்க. ஐயோ, அவர்தான். கையில குப்பை வாளி வேற.

ட்ராகோமிர்: என்ன, ரெண்டு பேரும் வண்டிக்குள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?

ரலிட்சா: அப்பா... முழங்கால் வலியோட நீங்க ஏன் படி இறங்கி வர்றீங்க?

ட்ராகோமிர்: குப்பை போட வந்தேன்.

ரலிட்சா: வாளி காலியா இருக்கே.

ட்ராகோமிர்: போட்டுட்டேன். பால்கனிலேந்து பார்க்கறேன், வண்டி வந்து நிக்குது, யாரும் இறங்கல. சிக்னல் கிடைக்காத ரயில் மாதிரி. சரி, நாமே போய்க் கொடி காட்டலாம்னு... தம்பிதான் யாவோரா? வாங்க, வாங்க.

யாவோர்: வணக்கம் ஐயா.

ட்ராகோமிர்: அந்தப் பொட்டி எனக்கா? ரிப்பன்தானே? ரலி எழுதியிருந்தா. இங்க எங்கயும் கிடைக்கல தம்பி. போன கடிதத்தை எல்லாம் அவ வெளிச்சத்துல பிடிச்சுத்தான் படிச்சிருப்பா.

யாவோர்: ஐயா, இதை வாங்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்.

ட்ராகோமிர்: சாப்பிட்டுட்டுச் சொல்லலாமே. சுஜுக் இறைச்சி வறுத்து வெச்சிருக்கேன்.

யாவோர்: சாப்பிட்டா சொல்ல மாட்டேன் ஐயா. உங்க வீட்டு உப்பைத் தின்னுட்டுச் சொல்றதுக்கு எனக்கு வாய் வராது. உங்களை டைப்ரைட்டர் வாங்கச் சொன்னது நான்தான்.

ட்ராகோமிர்: அப்படியா.

யாவோர்: யாவோர் ஸ்லாவேய்கோவ். குழுவுல... அந்தப் பதில்.

ட்ராகோமிர்: நல்ல யோசனைதான் தம்பி. பிழைச் செய்தியே வர்றதில்ல.

யாவோர்: ஐயா, தயவுசெஞ்சு...

ட்ராகோமிர்: ரிப்பன்தான் அடிக்கடி தீருது. அதை நீங்க எழுதல.

ரலிட்சா: அப்பா.

ட்ராகோமிர்: இரும்மா, அவர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்ல. தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மெயிலை நான் எத்தனை நாள் எழுதினேன்னு தெரியுமா?

யாவோர்: தெரியாது ஐயா.

ட்ராகோமிர்: மூணு நாள். லத்தீன் எழுத்துல நம்ம மொழியை எப்படி எழுதறதுன்னே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி. போட்டோ வேற எடுத்தேன்.

யாவோர்: கட்டைவிரல்...

ட்ராகோமிர்: ஆமா, விரல் விழுந்திடுச்சு. நீங்க மூணாவது பாயிண்ட்ல அதையும் எழுதியிருந்தீங்க. சரி, சொல்லுங்க. நான் என்ன கேட்டிருந்தேன்?

யாவோர்: கீபோர்டுல நம்ம எழுத்து வரல. எப்படித் திரும்ப வரவைக்கிறதுன்னு.

ட்ராகோமிர்: எப்ப படிச்சீங்க?

யாவோர்: இன்னிக்கு. பெட்ரோல் பங்க்ல நின்னுக்கிட்டு.

ட்ராகோமிர்: ம்... பொய் சொல்லல நீங்க. நல்லது. பதில் என்ன?

யாவோர்: ஐயா?

ட்ராகோமிர்: கேள்வி கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. பதில் இன்னும் வரலையே. என்னன்னு கேக்கறேன்.

யாவோர்: அது... அமைப்புகளுக்குள்ள போய், கீபோர்டுங்கற இடத்துல நம்ம மொழியைத் திரும்பச் சேர்க்கணும். மாத்தறதுக்கு எந்தப் பட்டன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

ட்ராகோமிர்: அவ்வளவுதானா?

யாவோர்: ரெண்டு வரிதான் ஐயா.

ட்ராகோமிர்: ரெண்டு வரி. நீங்க எனக்கு எழுதினது பதினாலு வரி தம்பி. எண்ணிப் பார்த்தேன்.

ரலிட்சா: அவன் அழறான் அப்பா.

யாவோர்: இல்ல. ஐயா, நான் பங்க்ல இன்னொண்ணும் எழுதினேன். இன்னும் அனுப்பல. பாருங்க... அதே மெயிலுக்குக் கீழ, எல்லாருக்கும் போற மாதிரி. முதல்ல பதில் ரெண்டு வரி. அப்புறம், நான் கேள்வியைப் படிக்காமப் பதில் எழுதினேன், அதைப் பெருமையா வேற வெச்சிருந்தேன், லோகோ46கிட்ட மன்னிப்பு கேக்கறேன்னு. ஊர் முன்னாடி திட்டினதுக்குக் காதுல வந்து மன்னிப்பு கேக்கறது சரியில்லன்னு தோணுச்சு. ஆனா உங்களைக் கேக்காம அனுப்பவும் மனசு வரல.

ட்ராகோமிர்: குடுங்க, கண்ணாடி போட்டுக்கறேன்... ம். இதையும் அழிக்க முடியாதுல்ல?

யாவோர்: முடியாது. அந்த விதியை நான்தான்...

ட்ராகோமிர்: அனுப்புங்க. லோகோ46ஐ எடுத்துட்டு என் பேரைப் போடுங்க. ட்ராகோமிர் பெய்கோவ். சொந்தப் பேர் போடலேன்னு ரெண்டாவது பாயிண்ட்ல கேட்டிருந்தீங்களே.

யாவோர்: ஏன் ஐயா அன்னிக்குப் பேர் போடல?

ட்ராகோமிர்: என் பொண்ணு இருக்கற குழு. நல்ல மனுஷங்க, எல்லாருக்கும் உதவி பண்ணுவாங்கன்னு அவதான் ஒரு தடவை சொல்லியிருந்தா. ஒண்ணும் தெரியாத கிழவன் ஒருத்தன் வந்து கேள்வி கேட்டு, அவன் இவ அப்பான்னு தெரிஞ்சா அவளுக்குத்தானே தலைகுனிவு? அதான்.

ரலிட்சா: அப்பா, நீங்க என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?

ட்ராகோமிர்: நீ அப்ப இருந்த இருப்புல கீபோர்டு பத்தியா கேப்பாங்க?

யாவோர்: அனுப்பிட்டேன்.

ட்ராகோமிர்: சரி. முடிஞ்சுது. குடுங்க ரிப்பனை. கம்ப்யூட்டரையும் சாப்பிட்டுட்டு சரி பண்ணிக் குடுங்க, ஆனா கடிதம் டைப்ரைட்டர்லதான். பழகிடுச்சு. இன்னொண்ணு, ஐயா ஐயான்னு கூப்பிடாதீங்க. ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட பேசற மாதிரி இருக்கு.

யாவோர்: சரி... மாமா.

ட்ராகோமிர்: வா, சூப் கெட்டியாகிப் போச்சு. ரலி, நீ ஏன் இன்னும் உள்ளயே உக்காந்திருக்கே?

ரலிட்சா: நான் வரல அப்பா.

ட்ராகோமிர்: ஒருத்தனை இறக்கினா இன்னொருத்தியா.

ரலிட்சா: அவன் சொல்லிட்டான். நான் சொல்லல. அன்னிக்கு அவன் பதிலுக்குக் கீழ... முதல்ல சிரிச்சது நான்தான் அப்பா. என் பேர் போட்டு, எல்லாருக்கும் போற மாதிரி. அது நீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க இல்லாம வேற யாரோன்னா மட்டும் சிரிக்கலாமா? உங்க மேஜையில முதல் பக்கத்தைப் பார்த்தேன். ரெண்டாம் பக்கம் இல்ல. நீங்க பார்க்கலேன்னு அஞ்சு மாசமா சாமியை வேண்டிக்கிட்டிருக்கேன். பார்த்தீங்களா அப்பா? சொல்லிடுங்க.

ட்ராகோமிர்: ரெண்டாம் பக்கம் என் சட்டைப் பையில இருக்கு கண்ணு, ரெண்டு வருஷமா. நீ உன் புருஷன் வீட்டை விட்டு வந்து அப்ப எட்டு மாசம். போன் பண்ணினா 'நல்லா இருக்கேம்பா, வெச்சிடவா'. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. அன்னிக்கு இவன் எழுதினதைப் படிச்சுட்டு, அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் குப்பையில போடலாம்னு எழுந்தேன். அப்ப இன்னொரு மெயில் வந்துச்சு. உன் பேர். சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்திடுச்சுன்னு எழுதியிருந்தே. நீ யாரைப் பார்த்துச் சிரிச்சேன்னு புரிஞ்சுது. வலிச்சுது, வலிக்கலேன்னு சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில சந்தைக்குப் போய் அந்த டைப்ரைட்டரை வாங்கித் தூக்கிட்டு வரும்போது வழியெல்லாம் ஒண்ணுதான் நினைச்சுக்கிட்டு வந்தேன்... உன்னைச் சிரிக்க வெச்ச இந்தப் பையன் உனக்கு எப்படியாவது பதில் போட்டுடணுமேன்னு.